மண்ணா, வேரா?

பேத்துப்பாறை ஊருக்கு மேலே மலைச் சோலைக்காட்டில், என் ஆராய்ச்சிக்காக மரத்தடிகளில் குழி தோண்டத் தினக்கூலிக்கு வந்தவர் அந்த அக்கா. பூண்டு பிடுங்கிக் காய்த்துப்போன கை, தலையில் சிவப்புத் துண்டு. ஓரிடத்தில் உட்காரவே மாட்டார். நான் வேரை உதறி எடுத்ததும், உதிர்ந்த மண்ணைக் குழிக்குள் தள்ளி மிதித்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவார். மழை இறங்கப் பார்த்ததால் நானும் பரபரத்துக்கொண்டிருந்தேன்.

“போன வாரம் மண்ணு ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்க. வேரச் சலிச்சுத் தூரப் போடச் சொன்னாங்க. நீங்க மண்ண உதறுறீங்க. ரெண்டு பேரும் என்னத்தங்க தேடுறீங்க?” என்றார்.

“வேரும் மண்ணுல இருக்கிற பூஞ்சையும் எப்படிச் சேந்து பொழைக்குதுன்னுதான்க்கா.”

“சேந்து கெடக்கிறதப் பிரிச்சுப் போட்டுட்டா அது எப்பிடிங்க தெரியும்?”

அடுத்த வேரை அவர் மண்ணோடு அப்படியே பையில் போட்டார். நான் தடுக்கவில்லை.

அந்தப் பை இன்னும் ஆய்வக ஃப்ரிட்ஜில் கிடக்கிறது. சோதனைக்கு அனுப்பும் படிவத்தில் மண், வேர் என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில்தான் டிக் செய்யலாம். வாரம் ஒருமுறையாவது பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். அந்த அக்கா இந்நேரம் எத்தனையோ குழி தாண்டிப் போயிருப்பார்.