புல்லை மோந்து பார்க்கும் ஆள்

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுப் புல்வெளியை மோந்து பார்க்க ஓர் ஆள் வருகிறார். ஜெர்மனியில் நான் குடியிருக்கும் இந்தக் கிராமத்துக்குக் குழாய் எரிவாயு வரவில்லை. தோட்டத்தில் பெரிய தொட்டியைப் புதைத்து, அதில் நிரப்பிய திரவ எரிவாயுவில்தான் அடுப்பும் கணப்பும் எரிகின்றன. வெளியே தெரிவது ஒரு பச்சை மூடி மட்டும். அவர் அதைத் திறந்து, முழங்காலிட்டு, ஒவ்வொரு வால்வின் அருகிலும் ஒரு கருவியின் முனையை நீட்டுவார். பிறகு பக்கத்தில் புதிதாகப் பள்ளம் தோண்டியிருக்கிறோமா என்று சுற்றிப் பார்ப்பார். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல், தண்ணீரைப் போலப் பள்ளம் தேடிப் போய்த் தங்கிவிடும் என்று முதல் தடவையே சொல்லிக்கொடுத்தார்.

அவர் முதன்முதலாக வருவதற்கு முன்பே ஒரு கார்த்திகை வந்துவிட்டது. தோட்டத்தில் தட்டையான இடம் அந்த மூடிதான் என்று அதன்மேல் அகல் விளக்குகளை ஏற்றிவைத்தேன். பக்கத்து வீட்டு ஹெல்கா "நைன், நைன்" என்று, கூடாது கூடாது என்பதாகக் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, எல்லாவற்றையும் வாயால் ஊதி அணைத்தார். விளக்கை வாயால் ஊதுவதா? என் சாமிக்கு விளக்கு வைக்க உன்னைக் கேட்க வேண்டுமா என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அகல்களைப் பொறுக்கிக்கொண்டு போய் என் வாசற்படியில் வரிசையாக வைத்து, தம் வீட்டுத் தீப்பெட்டியாலேயே மறுபடி ஏற்றினார். பிறகு என் கையைப் பிடித்து அழைத்துப்போய், மூடியில் ஒட்டியிருந்த நெருப்புப் படத்தையும் அதன் குறுக்கே ஓடிய சிவப்புக் கோட்டையும் காட்டினார்.

இந்தப் பொங்கலுக்கு நெமிலிச்சேரியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அண்ணன் ஓய்வுபெறும்வரை அந்தத் தொழிற்சாலையிலேயே பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவர். தினமும் கேட்டில் தீப்பெட்டியை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். இப்போது அடுக்குமாடி வளாகம் ஒன்றில் தரைத்தளத்தில் வீடு. அங்கேயும் எரிவாயுத் தொட்டியைப் பூமிக்குள் புதைத்து எல்லா வீட்டுக்கும் குழாயில் கொடுக்கிறார்கள். தொட்டிக்கு மேலே புல், சுற்றி வேலி. வேலியிலிருந்து பத்தடியில் அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

போகிக்கு முதல்நாள் மாலை, அந்த ஜன்னலில் எரிவாயு வாடை அடித்தது. போய்ப் பார்த்தேன். வேலியை ஒட்டியிருந்த மழைநீர்க் கால்வாய் அருகில் வாடை அதிகம். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி பக்கத்துச் சுவரில் விளக்கு எரியாமல் தொங்கியது. காவலாளியைக் கேட்டேன். "அது சும்மா கத்திகினே இருந்துச்சு மேடம். தூக்கம் கெடுதுன்னு ஆஃப் பண்ணச் சொல்ட்டாங்க" என்றார். வளாகச் சங்கத்துக்காரரிடம் முறையிட்டேன். கேஸ் கம்பெனிக்குப் பொங்கல் கழித்துச் சொல்லலாம் என்றார். அண்ணனோ, அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள் ஓய்வெடுக்காமல் இது எதற்கு என்று காப்பியை நீட்டினார்.

விடிகாலையில் சின்ன மேளச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். வேலிக்கதவு திறந்து கிடந்தது. பழைய பாய், கிழிந்த மெத்தை, ஒரு சைக்கிள் டயர், எல்லாம் தொட்டிக்கு மேலே குவிந்திருந்தன. கார் நிற்காத இடம் வளாகத்தில் அது ஒன்றுதானாம். குழந்தைகள் மேளம் தட்டிக்கொண்டிருக்க, வயதில் மூத்தவர் என்று தீப்பெட்டியை அண்ணன் கையில் கொடுத்திருந்தார்கள்.

வாசல் தெளிக்க யாரோ வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தக் குவியலின் மேல் ஊற்றினேன். மேளம் நின்றது. போகியும் அதுவுமாக இன்னாம்மா இப்படிப் பண்ணிட்டே என்று ஓர் அம்மாள் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"அது ஜெர்மனில கீது. நம்ம வழக்கம் மறந்துபோச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

என்னையா சொன்னார்? அணைத்த விளக்குக்காக ஹெல்காவிடம் சண்டை போட்ட என்னையா? நான் அழுதுகொண்டே உள்ளே போனேன். அவர்கள் காய்ந்த சாமானாகப் பார்த்துக் கொண்டுவந்து, அதே இடத்தில் கொளுத்தினார்கள். நான் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, அண்ணியைக் கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்துப்போனேன்.

ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இலையில் பொங்கலை வைத்துக்கொண்டே, "பாத்தியா, இன்னா ஆச்சு?" என்றார் அண்ணன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இதை அறியாமை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். வேலி இருக்கிறது, கருவி இருக்கிறது, நெருப்பு கூடாது என்று வேலியில் போர்டு தமிழிலேயே இருக்கிறது. காசு கொடுத்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, ஒரு காலை காற்று நல்லபடியாக வீசியதை நம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்த போகியும் அங்கேதான் என்று முடிவாகிவிட்டதாம்.

நேற்று இங்கே புல்லை மோந்து பார்க்கும் ஆள் வந்தார். கருவி சத்தம் போடவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, நிம்மதியாக இருங்கள் என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். வேனின் சத்தம் தேய்ந்த பிறகும் நான் அந்த மூடியின் பக்கத்திலேயே நின்றேன். கால்கள் பத்திரமான புல்லில் இருந்தன. மூக்கு மட்டும் நெமிலிச்சேரியில், அண்ணன் வீட்டு ஜன்னலில், இன்னும் அந்த வாடையைத் தேடிக்கொண்டிருந்தது.