துண்டு இல்லாமல் வந்தவர்

எங்கள் புது வீட்டைக் கட்டித் தரும் மேசன் பாஸ் கரண்டியைச் சுவரில் தட்டிக்கொண்டே, "ஐயா, முகப்புல என்ன பேரு போடணும்?" என்று கேட்டார். அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. உலகத்தில் பெரிய ஆராய்ச்சிகள் எல்லாம் எங்கே தொடங்கினவோ தெரியாது. என்னுடையது இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில், பாதி பூசிய ஒரு சுவருக்கு முன்னால், ஈர சிமெந்து வாசனையில் தொடங்கியது.

"எங்க பூட்டன் பேரு. அதோட 'இல்லம்'னு சேத்துக்குங்க" என்றார் அப்பா.

"ஊரும் போடணுமா? சில பேரு இந்தியாவுல அவங்க ஊரையும் போடுறாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். குடும்பத்தில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் நான். அரசாங்க நியமனம் வரும் வரும் என்று காத்திருக்கிறேன். அப்பாவின் பூட்டன்தான் வீட்டில் எல்லோருக்கும் பூட்டன்; பட்டதாரிக்கு அவருடைய ஊர் தெரியாமல் இருக்குமா என்பது அந்தப் பார்வை. தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே.

"ரெண்டு வாரம் குடுங்க பாஸ். ஊரு, பேரு, வந்த கப்பலு, எல்லாத்தையும் கண்டுபிடிச்சுத் தாரேன்."

"சிமெந்து ரெண்டு வாரம் காத்திருக்காது தங்கச்சி. நான் பின்பக்கம் பூசிட்டு வாரேன்" என்று அவர் போய்விட்டார்.

அன்று மாலை அப்பா சொன்னதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "நாலு தலைமொறையா தோட்டத்து லயத்துல, வரிசையா கட்டுன காம்பரா ஒண்ணுல இருந்தோம். காம்பராவுக்கு நம்பர்தான், பேரு கெடையாது. இந்த வீட்டுக்கு மட்டும் ஒரு பேரு வைக்கணும் பாப்பா. அது சரியான பேரா இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு." அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், இயந்திரங்களோடு வேலை செய்பவர். காது மந்தம். பேச்சும் குறைவு. அவர் தொடர்ந்து இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எனவே பொறுப்பு பெரிது.

பூட்டனைப் பற்றி எங்கள் வீட்டுக் கையிருப்பு இவ்வளவுதான்: ஒரு பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, காரணம் போகப்போகத் தெரியும். பிறகு ஒரு வாக்கியம்: "துண்டு இல்லாம, ஒரே ஓட்டமா, மலையேறி எறங்கி வந்தாரு." பரம்பரையாக இப்படியே சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. தோளில் போட ஒரு துண்டுகூட இல்லாத ஏழையாக வந்தார் என்று அர்த்தம். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிப் படையலில் மற்ற முன்னோருக்கு வேட்டியோ சேலையோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பூட்டனுக்கு மட்டும் ஒரு புதுத் துண்டு கட்டாயம். படையல் முடிந்ததும் அதை அப்பா எடுத்துத் தலை துவட்டிக்கொள்வார். மேலுலகத்தில் பூட்டன் இந்நேரம் ஒரு துணிக்கடையே வைத்திருப்பார்.

அந்த வாக்கியத்தில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு சந்தேகம். இந்தியாவிலிருந்து தோணியில் மன்னார் வந்து, அங்கிருந்து காட்டுவழியாக நடந்து வந்தவர்கள் நம் ஆட்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதில் ஒரே ஓட்டம் எங்கே வருகிறது? கடல் எங்கே போனது? கேட்டால், "பெரியவங்க சொன்னா கணக்கு பாக்காத" என்பார் அத்தை. அப்பாவின் அக்கா அவர். மலைக்கு அந்தப் பக்கம், பொகவந்தலாவையில் வாழ்க்கைப்பட்டவர். பூட்டன் தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற தலைக்கங்காணியாக இருந்தார், தலைப்பாகை கட்டிக் குடை பிடித்து நடந்தார் என்று புகுந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். துண்டே இல்லாதவருக்குத் தலைப்பாகை எங்கிருந்து கிடைத்தது என்று புகுந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. நல்ல குடும்பம்.

நான் தேடத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் சிக்னல் வேண்டுமென்றால் கோயிலுக்கு மேலே டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, அட்டைகளுக்கு இரத்ததானம் செய்தபடி, கடல் கடந்த ஆவணக் காப்பகங்களுக்குள் நுழைந்தேன்.

முன்னோரைத் தேடித் தருகிற முதல் இணையதளம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரில் முதலெழுத்து, அதோடு சரி. கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்றது. 'இல்லை' என்பதை ஆங்கிலத்தில் அடித்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, அதைப் போன்ற குடும்பப் பெயருடைய என் உறவினர்கள் அயர்லாந்தில் இருப்பதாக வாழ்த்துச் சொன்னது. அவர்கள் உருளைக்கிழங்கு விவசாயிகளாம். உருளைக்கிழங்கு விளைகிற எங்கள் நுவரெலியாப் பக்கத்துக்குப் பொருத்தம்தான்.

ஒரு வெளிநாட்டுக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி. தேடுவதற்கு உதவியாக முன்னோரின் முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், கப்பலின் பெயர் ஆகியவற்றை அனுப்பினால் போதும். இவையெல்லாம் கையில் இருந்தால் நான் ஏன் அட்டைக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன்?

அடுத்து பழைய ஆங்கிலச் செய்தித்தாள்கள். கொழும்பில், தோட்டங்களை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமாருக்காக அச்சடிக்கப்பட்டவை, இப்போது யாரோ புண்ணியவான்கள் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் மலைகளைப் பற்றி அவற்றில் என்ன இல்லை? எந்தத் துரையின் ரோஜா கண்காட்சியில் பரிசு வாங்கியது என்று இருக்கிறது. எந்தத் துரைசானியின் நாய் காணாமல் போனது, அந்த நாயின் பெயர் என்ன, அது எப்படிக் கூப்பிட்டால் வரும் என்று இருக்கிறது. கப்பலில் வந்தவர்களின் பட்டியலில் துரை, துரைசானி, குழந்தை எல்லோருக்கும் பெயர் உண்டு. கூட வந்த ஆயா வெறும் ஆயா. கீழ்த்தட்டில் வந்த எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். பூட்டன் ஒரு நாயாகப் பிறந்திருந்தால் எனக்கு ஒரு மாலை நேரத்து வேலை.

பெயர் தேடிச் சலித்துப்போய், சும்மா வாசகர் கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். துரைமார் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்கள், ஒவ்வொன்றும் ஒரு கச்சேரி. மழையைத் திட்டுவார்கள், ரயிலைத் திட்டுவார்கள், ஒருவரையொருவர் திட்டுவார்கள். அப்படி ஒரு கடிதத்தில், ஆங்கில வரிகளுக்கு நடுவே, ஆங்கில எழுத்திலேயே சாய்வாக ஒரு தமிழ்ச் சொல். துண்டு.

மறுபடி பார்த்தேன். துண்டுதான். பக்கத்துத் தோட்டத்துத் துரை, துண்டு இல்லாத ஆட்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாராம். இது கனவானுக்கு அழகல்லவாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் ஆள் தோளில் துண்டு போட்டிருக்கிறானா இல்லையா என்பதில் வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு அக்கறையா? அடுத்த வாரப் பத்திரிகையில் அந்தப் பக்கத்துத் துரையின் பதில்: தான் எடுத்த ஆட்கள் எல்லோரிடமும் துண்டு இருந்ததாம், தானே வாங்கிப் படித்துப் பார்த்தாராம்.

படித்துப் பார்த்தாராம்.

துண்டை யார் படிப்பார்கள்? என் சிரிப்பு பாதியில் நின்றது. வரிசையாகத் தேடினேன். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற, பழைய துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். இந்த ஆட்களை நான் விடுகிறேன், நீ எடுத்துக்கொள்ளலாம் என்று. அதற்குப் பெயர் துண்டு. அது இல்லாமல் கிளம்பியவன் ஓடிப்போனவன். ஓடியவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று துரைமார் பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள். பிடித்தால் நீதிமன்றம், சிறை. ஓடியவர்கள் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு துரை அங்கே மூக்கால் அழுதிருக்கிறார்.

துண்டு இல்லாம, ஒரே ஓட்டமா, மலையேறி எறங்கி வந்தாரு. கடல் எங்கே போனது என்று இனி நான் கேட்கத் தேவையில்லை. அவர் வந்தது மன்னாரிலிருந்து அல்ல. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இப்போது அத்தை இருக்கிற பக்கத்திலிருந்து. இன்றைக்கு பஸ்ஸில் போனால் தலவாக்கலை, ஹட்டன், நோர்வூட் என்று ஊரையெல்லாம் சுற்ற வேண்டும். ஆனால் பயந்தவனுக்கு ஒரு மலைதான் குறுக்கே.

வீட்டுக்கு ஓடினேன். அத்தையையும் தொலைபேசியில் பிடித்து, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்து, என் சொற்பொழிவை நிகழ்த்தினேன். முடித்ததும் கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன்டி, படிக்க வச்சது எதுக்கு, பூட்டனக் கள்ளனாக்கவா?" என்றது மேசை. "அவரு தலைக்கங்காணிடி. குடை புடிச்சவரு."

"ஓடுறப்பவும் குடை புடிச்சாரா அத்தை?"

"இவ வாயப் பாரு. தம்பி, நீ கேட்டுக்கிட்டா இருக்க?"

அம்மா கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "அப்ப நான் கட்டி வந்ததுலருந்து வாங்கிக் குடுத்த துண்டெல்லாம்?" என்று கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஓடுன மனுசனுக்கு ஒரு சோடி செருப்பாச்சும் வாங்கி வச்சிருக்கலாமேங்க."

அப்பா சிரிக்கவில்லை. காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருந்தது. விழ வேண்டியதுதான் விழுந்திருந்தது.

"அப்ப பேர மாத்தியிருப்பாருங்கிறியா?"

"தெரியாதுப்பா. மாத்தலேன்னா புடிச்சிருப்பாங்க. மாத்தியிருக்கலாம்."

"நான் செவத்துல போடப்போற பேரு, தொரைக்குச் சொன்ன பொய்ப் பேரா இருக்கலாம்."

சரியான பெயர் கேட்ட மனிதரிடமிருந்து, கையில் இருந்த ஒரே பெயரையும் பிடுங்கியிருந்தேன். ஆராய்ச்சி என்றால் இதுதான்.

"பொய்யோ மெய்யோ, அந்தப் பேருலதான கல்யாணம் கட்டுனாரு" என்றார் அம்மா, சிரிப்பை நிறுத்தி. "கட்டுனவளுக்காச்சும் உண்மைப் பேரச் சொல்லியிருப்பாரு."

"சொல்லி என்ன?" என்றது மேசை. "எந்தக் காலத்துல பொண்டாட்டி புருசன் பேர வாயால சொல்லியிருக்கா? நான் இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸி கேட்டாக்கூட எம் பேரனத்தான் சொல்லச் சொல்லுவேன்."

ஆக, உண்மைப் பெயர் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளின் வாயை நாங்களே கட்டி வைத்திருந்தோம். துரைமாருக்குக்கூட இவ்வளவு நேர்த்தியாக ஓர் ஆவணத்தை அழிக்கத் தெரியாது.

அடுத்த நாள் காலை மேசன் பாஸ் வந்து நின்றார். அப்பா அவரை முகப்புக்குக் கூட்டிப்போய்க் கையால் அளந்து காட்டினார். "இந்த எடத்த மட்டும் பூசாம விடுங்க."

"ஓட்டையாவா? தண்ணி எறங்குமே ஐயா. பேரு கெடைக்கலன்னா ஏதாச்சும் சாமி பேரப் போட்டுருங்க. சாமி கோவிச்சுக்காது."

"சாமிக்குக் கோயில்ல பேரு இருக்கு. இது எங்க ஆளுக்கு. தையில பால் காய்ச்சுறோம். அதுக்குள்ள இவ கண்டுபிடிச்சுருவா." என்னைப் பார்க்காமலே சொன்னார். "கண்டுபிடிக்கலேன்னா இருக்கிற பேரையே போடுவோம். ஆனா தேடாம போட மாட்டேன்."

பாஸ் என்னைப் பார்த்த பார்வையில், என் பட்டத்தின் மீது அவருக்கிருந்த மதிப்பு முழுவதும் தெரிந்தது.

தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் ஏற்றப்பட்டவை கொஞ்சம்தான். மிச்சப் பத்திரிகைகள் கொழும்புக் காப்பகத்தில் காகிதமாகக் கிடக்கின்றன. அவற்றில் ஓடியவர்களைப் பற்றிய அறிவித்தல்கள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரில்தான் இருக்கும். எங்கள் ஆட்கள் எந்தத் தோட்டத்தையும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. ஸ்கொட்லாந்து ஊர்ப்பெயரைத் துரை பலகையில் எழுதி வைப்பார், அதன் கீழேயே நின்று நம்மவர்கள் ஆற்றையோ பாறையையோ பார்த்து வேறு பெயர் வைத்துவிடுவார்கள். பூட்டன் எந்தத் தோட்டத்திலிருந்து ஓடினார் என்பதற்கு எங்களிடம் இருப்பது, கோபம் தணிந்த பிறகு அத்தை ஞாபகத்தைக் கிளறிச் சொன்ன தமிழ்ப் பெயர் ஒன்றுதான். அதுவும் அவர் பாட்டி வாயால் கேட்டது. எந்தப் பலகைக்கு அது பொருந்தும் என்று அவருக்கும் தெரியவில்லை.

"வா, காட்டுறேன். அந்தப் பக்கம் வயசானவங்க ரெண்டு மூணு பேரு இருக்காங்க, கேப்போம்" என்றார் தொலைபேசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இங்க எங்க வீட்டாளுங்க முன்னால ஓடிட்டாரு கீடிட்டாருன்னு ஏதும் பேசிறாத. தலைக்கங்காணியப் பத்தித் தேடுறோம்னு சொல்லு."

"சரி அத்தை. குடையையும் தேடுறோம்னு சொல்றேன்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தலவாக்கலை வழியாகக் கிளம்புகிறேன். அத்தையோடு அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்து, அதன் பலகைப் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். அது கிடைத்தால் ஹட்டனில் கொழும்பு ரயில். காப்பகத்தில் அந்தத் தோட்டத்துத் துரை போட்ட ஒவ்வோர் அறிவித்தலையும் படிக்க வேண்டும். பூட்டன் மேல் கோபம் வந்து, ஓடுவதற்கு முன்பிருந்த அவர் பெயரை ஒரு முறையாவது அச்சில் ஏற்றியிருக்க வேண்டும் அந்த மனிதர். இத்தனை தலைமுறைக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரையின் கோபத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.