ஐப்பசியில் கேட்ட காற்று

எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்குவதற்குப் பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. வடக்கேயிருந்து வரும் ரயில் காவல்கிணறு தாண்டியதும் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அறையும். தூங்கிக்கொண்டிருப்பவரும் எழுந்து பையை எடுத்துவிடுவார். மேற்கே நாஞ்சில் நாட்டு வயல்கள், கிழக்கே முள்ளும் பனையும், நடுவில் மலைக் கணவாயில் ஆரல்வாய்மொழி. மேற்கே கொட்டும் மழையில் எங்களுக்கு வாசம்தான் வரும். காற்று மட்டும் முழுசாக வரும். வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை ஓயாது. சோற்றில் மண் விழும். கொடியில் போட்ட சேலையைத் தண்டவாளத்தில் போய் எடுக்க வேண்டும். பேச்சை நடுவில் நிறுத்தி, இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போட்ட சத்தத்துக்கு ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக இருந்தார். என்னோடு வாருங்கள் என்று கூப்பிட்டால், "அங்க மூச்சு விட காத்து உண்டுமா மக்களே?" என்பார். இத்தனைக்கும் அவருக்கு இழுப்பு உண்டு. செங்கல்சூளைப் புகை வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். ஆனாலும் ஊர்க்காற்றின் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

காற்றுக்காலத்தில் மதியம் போன் பண்ணுவார். எதுவும் பேசாமல் போனை வாசலுக்கு வெளியே நீட்டுவார். உஸ்ஸென்று இரைச்சல் மட்டும் வரும். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டியா?" என்பார். நான், "கேட்டாச்சுப்பா, வைக்கட்டா?" என்பேன். முதலில் அது எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வருஷம் போகப் போக எரிச்சலாகிவிட்டது. வேலை நேரத்தில் யாருக்கு வேண்டும் காற்று? அவர் பேசுவதற்குள் நானே சொல்லி வைத்துவிடப் பழகினேன்.

போன ஐப்பசியில் ஒரு மதியம் அப்பாவின் போன் வந்தது. அதே இரைச்சல். கொஞ்சம் விட்டு விட்டு வந்தது. வழக்கம்போலச் சொல்லி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இருந்ததுகூட நினைவிருக்கிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாள். ரசம் கொடுக்கப் போனவள், அப்பா வாசற்படியில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். உயிர் இல்லை. போன் மடியில் கிடந்ததாம்.

கிடைத்த ரயிலில் ஏறி, காலையில் திருநெல்வேலியில் இறங்கிப் பாசஞ்சர் பிடித்தேன். அழுது களைத்துக் கண்ணை மூடியிருந்தேன். காற்று எழுப்பிவிடும் என்ற நினைப்பில் அப்படியே இருந்துவிட்டேன். காற்று வரவில்லை. ரயில் நின்று, ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். பிறந்த ஊரைத் தவறவிடப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால், மலையடி வரைக்கும் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. வேப்பமரத்தில் இலை அசையவில்லை. 

வீட்டுக்குப் போனதும் முதலில் அந்த அக்காவிடம் கேட்டேன்: "நேத்து மத்தியானம் இங்க காத்து உண்டுமாக்கா?"

"ஐப்பசியில ஏது காத்து மக்கா? காத்தாடி நின்னு பத்து நாளாச்சு. அப்பாவுக்குக் காலையிலேயே இழுப்புதான். மருந்து வாங்கிக் குடுத்தேன், மதியம் சரியாயிட்டுன்னு சொன்னாவளே."

ஐப்பசியில் எங்கள் ஊரில் காற்று இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று மறந்துபோனேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். அந்த அழைப்பு நாற்பது விநாடி. அவ்வளவு நேரமும் மூச்சுக்குத் திணறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார் அப்பா. நான் அவரிடம், "கேட்டாச்சுப்பா, வைக்கட்டா?" என்று சொல்லியிருக்கிறேன்.