இறுகாத வளையங்கள்

ஃப்ரௌக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு தண்ணீர் இறங்காது.

க்ரோனிங்கன் நகர ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை இதுதான்: அறுவை சிகிச்சையில் எடுத்த நுரையீரல் துண்டிலிருந்து மூச்சுக்குழாயை வளையங்களாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புநீர்க் கிண்ணத்தில் இரு கொக்கிகளுக்கு நடுவே மாட்டுவாள். மருந்து விட்டால் வளையம் இறுகும். அது எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அவ்வளவுக்குத் திரையில் கோடு ஏறும். நோயாளி மனமுவந்து கொடுத்த சதை; ஒரு துண்டு வீணானாலும் அவளுக்கு வயிறு எரியும்.

இந்த வசந்தத்தில் அவள் மாட்டிய வளையங்கள் பாதியில் துவண்டன. அதே துண்டிலிருந்து பக்கத்து அறையில் சக ஊழியன் சீட்சே மாட்டியவை மட்டும் ஜோராக இறுகின. போதாதா? தான் இல்லாத நேரம் பார்த்துத் தன் கிண்ணத்தில் அவன் எதையோ கலக்குகிறான் என்று ஆய்வுக்கூடத் தலைவி அன்னெகீனிடம் போட்டுக் கொடுத்தாள். அவனுடைய வேலை ஒப்பந்தம் அந்தரத்தில் தொங்கியது.

"கையும் களவுமா பிடி, அப்புறம் பேசலாம்," என்றாள் அன்னெகீன்.

அன்று காலையிலிருந்து ஃப்ரௌக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. சீட்சே வாசலில் இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றான்.

"வெளிய வந்து காபி குடி. எந்தக் கப்பு வேணுமோ நீயே எடுத்துக்கோ. அப்புறம் விஷம் வச்சேன்னு சொல்லாதே."

"ரெண்டையும் நீயே குடி. நான் எழுந்தா நீ உள்ள புகுந்துடுவே."

"நல்லா இரு, தாயி!" அவன் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்று குடித்தான்.

அவள் நான்கு கிண்ணங்களிலும் மருந்து விட்டாள். கோடு அழகாக ஏறியது. அவனையே முறைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. பூக்காலத்தில் வரும் தொல்லைதான். கிண்ணங்களை விட்டு நகராமல், அவற்றின் மேல் குனிந்தபடியே இன்ஹேலரை இரண்டு தடவை அடித்துக்கொண்டாள்.

நெஞ்சு தளர்ந்தது. திரையில் கோடும் சரிந்தது. நான்கு வளையங்களும் ஒன்றாகத் துவண்டன.

அவன் வெளியேதான் நின்றிருந்தான். மூடியில்லாத கிண்ணங்களையும் கையிலிருந்த இன்ஹேலரையும் அவள் மாறிமாறிப் பார்த்தாள். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அந்த மருந்தின் சாரல்தான் இத்தனை நாளும் கிண்ணங்களில் விழுந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படியும் ஒரு கணம் நினைத்தாள்.

அன்னெகீன் எட்டிப் பார்த்தாள். "என்ன, ஆள் சிக்கியாச்சா?"

"சிக்கியாச்சு. நான்தான்." இன்ஹேலரை நீட்டி, நடந்ததைச் சொன்னாள். பிறகு வெளியே போய், "என்னை மன்னிச்சுடு, சீட்சே," என்றாள்.

"மன்னிச்சுட்டேன். ஆனா நேத்தே லெய்டன்ல வேற வேலைக்கு ஒத்துக்கிட்டேன், ஃப்ரௌக்கா. தினமும் திருடனைப் பாக்குற மாதிரி பாத்தா, மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவான்?"