கயிற்றைத் தொட்டவர்களின் பங்கு

ஜெனிற்றா, அன்ரன், அப்பா இங்கே கடலுக்குப் போவதில்லை. கடலுக்கு மேலே நடக்கிறேன். மிதக்கும் பலகைப் பாதையில் என் சப்பாத்துச் சத்தம் கேட்டதும், வலைக்கூட்டுக்குள் இருக்கும் மீனெல்லாம் மேலே ஓடி வருகின்றன. தீன் போடுகிறவன் வந்துவிட்டான் என்று அவற்றுக்குத் தெரியும். ஆள் நிழல் பட்டால் மீன் கலைந்துவிடும் என்று வள்ளத்தில் மூச்சை அடக்கி இருந்தவனுக்கு இந்த வரவேற்பு இன்னும் பழகவில்லை.

இது சால்மன் மீன், நோர்வேயில் லக்ஸ் என்பார்கள். கூடுகள் ஒரு பல்கலைக்கழகத்தினுடையவை. பொறுப்பாக இருப்பவர் சிக்ரிட் என்ற ஆராய்ச்சியாளர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தொடக்கத்தில் அவரை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தேன். அவருடைய எண்ணத்தை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். வேறொரு கடலில் சின்ன மீனை அள்ளி அரைத்து இந்த மீனுக்குத் தீனாகப் போடுகிறோம். மிச்சத் தீனும் கழிவும் அடியில் படிந்து அந்த இடத்துக் கடல் பழுதாகிறது. அதனால் கூடுகளுக்குப் பக்கத்தில் கயிறுகளில் மட்டிச் சிப்பியும் சாதாளை என்கிற கடற்பாசியும் வளர்க்கிறார். மிதக்கும் கழிவை மட்டி வடித்துத் தின்னும். கரைந்து போனதைச் சாதாளை உறிஞ்சும். பிறகு இரண்டும் மனிதருக்கு உணவாகும். கடலைக் கெடுக்காத வளர்ப்புத்தான் நிலைக்கும், கரையில் இருக்கிற சனம் அதை நம்பிப் பிழைக்கலாம் என்பது அவருடைய கட்சி.

ஒப்பிட்டுப் பார்க்கத் தூரத்திலும் சில கயிறுகள் கட்டியிருந்தார். கூட்டருகே வளரும் மட்டி, தூரத்து மட்டியைவிடக் கொழுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனை நின்றுவிடும், என் வேலையும் நின்றுவிடும். வேலை இல்லாதவனுக்குக் குடும்பத்தைக் கூப்பிட இந்த நாட்டில் அனுமதி இல்லை. நீங்களும் அம்மாவும் வட்டக்கச்சியில் இடம்பெயர்ந்து இருப்பதா, இங்கே வருவதா என்பது அந்த மட்டியில்தான் இருந்தது.

மட்டி நிறுக்கிற நாள் வந்தது. சிக்ரிட் தராசு எடுக்கக் கொட்டிலுக்குப் போயிருந்தார். கூட்டருகே இருந்த முதல் கயிற்றை நான் இழுத்தேன், அசையவில்லை. நாயோடு உலாத்த வந்த ஒரு வயதான தம்பதியர் கேட்காமலே வந்து கயிற்றைப் பிடித்தார்கள். மூவருமாக இழுத்து ஏற்றினோம். நான் இரண்டு கைநிறைய அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் தயங்கி, பிறகு நன்றி சொல்லிக்கொண்டு போனார்கள்.

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் எண்ணெய் இல்லாமல் இயந்திரப் படகுகள் கரையேறிக் கிடந்த காலத்தில், கரையில் நின்று இழுக்கும் கரைவலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. வலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவர் எவரானாலும் கறிக்கு மீன் உண்டு. நோயில் கிடக்கும் வருத்தக்காரர் வீட்டுக்கும் இழுக்க ஆள் வராத வீட்டுக்கும் ஒவ்வொரு குவியல் ஒதுக்குவார்கள். நிறுவையும் விற்பனையும் அதற்குப் பிறகுதான். பக்கத்துத் தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து மலையகத்து அக்கா ஒருவர் வாளியோடு வருவார்.

"என்ன அக்கா, கயித்தை இழுத்தனீங்களோ, தடவிக் குடுத்தனீங்களோ?" என்பார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சூசை.

"இழுக்கத்தான் உங்க ஆம்பிளைங்க இத்தனை பேரு நிக்கிறாங்களே. வலை கோவிச்சுக்காம இருக்கத் தடவிக் குடுத்தேன்."

"ஓம், அப்ப வலைக்கு ஆறுதல் சொன்ன கூலி. இந்தாங்கோ."

சிக்ரிட் தராசோடு திரும்பி வந்ததும் கொடுத்ததைச் சொன்னேன்.

"அவர்கள் கேட்டார்களா?"

"இல்லை. கயிற்றைப் பிடித்தார்கள்."

"கயிற்றைப் பிடித்தால் கை ஈரமாகும். வேறென்ன?"

எனக்குத் தெரிந்த மொழியில் கரைவலையை விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். "நல்ல வழக்கம். ஆனால் எடை நிறுத்த பிறகு கொடு. இந்தக் கயிற்றை இனி நான் கணக்கில் சேர்க்க முடியாது" என்றார்.

அவர் சொன்னது சரி. எங்கள் கரையில் விற்பதற்கு நிறுத்தோம். இங்கே அறிவதற்கு நிறுக்கிறார்கள். மிச்சக் கயிறுகள் போதுமோ என்று எண்ணிக்கொண்டே அடுத்த கயிற்றைப் பிடித்தேன். பின்னேரம் வரை ஒவ்வொரு கயிறாக இழுத்து நிறுத்தோம்.

கடைசியில் சிக்ரிட் கையுறையைக் கழற்றினார். "கூட்டருகே இருப்பவை கொழுத்திருக்கின்றன. இன்னொரு வருடம் நடத்தலாம்." காரில் ஏறும்போது, முதல் கயிற்றில் இருப்பதை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கார் போன பிறகு அந்த மட்டியைப் பலகையில் கொட்டிப் பங்கு வைத்தேன். என் கறிக்கு ஒரு குவியல், ஆள் இன்னும் வராத எங்கள் வீட்டுக்கு ஒரு குவியல். என்னுடையதை வாளியில் போட்டேன். மற்றதை வலைப்பை ஒன்றில் இட்டு, வாயைக் கட்டி, கயிற்றின் நுனியில் முடிந்து, உயிரோடு திரும்பத் தண்ணீருக்குள் இறக்கினேன்.