நாகையாவின் மேசையில் ஒட்டியிருந்த எண்

கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கிக் கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. சிவமலர் அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. டைப்ரைட்டர் போய் ஃபேக்ஸ் வந்தது. ஃபேக்சுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. புதுசாக எது வந்தாலும் அதைக் கற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். முதலாளி தம்புசாமியின் விரல் ஒவ்வொரு தடவையும் அவள் பக்கமே நீண்டது. அவளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் பிடித்து, கையேடுகளை மடியில் வைத்துப் படித்துக்கொண்டே பத்தொன்பது வருஷம் போய் வந்தாள்.

1998 ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் ஆபீசைத் திறந்தால், அந்த மாதத்துக் கப்பல் பட்டியல் முழுவதும் காணாமல் போயிருந்தது. வெளியிலிருந்து எவனோ போன் லைன் வழியாக உள்ளே புகுந்து அழித்துவிட்டான் என்றார்கள். முதலாளி ஒரு வாரம் கத்தினார். பிறகு ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கினார்.

பெட்டியைக் கொண்டுவந்தவன் ஜெயராஜ், சுங்கை வேயில் இருந்த விற்பனைக் கம்பெனியின் டெக்னீஷியன். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் வெளி லைன் நுழையும், மறுபக்கம் ஆபீசின் பதினோரு கம்ப்யூட்டர்களுக்குப் போகும்.

"இது வாசல்ல நிக்கிற காவக்கார ஜாகா மாதிரிக்கா," என்றான் ஜெயராஜ். "யார் வராங்க, யார் போறாங்க, எல்லாத்தையும் பார்க்கும், எழுதியும் வைக்கும். முதல்ல எல்லாத்தையும் அடைச்சிடணும். அப்புறம் எது தேவையோ அதை மட்டும் திறக்கணும்."

அவன் அரை நாள்தான் இருந்தான். மீதியை அவள் செய்தாள். கஸ்டம்சுக்கு ஒரு வழி, கம்பெனி மெயிலுக்கு ஒரு வழி. கப்பல் வரும் நேரம் பார்க்க வெப்சைட் வழி மட்டும் எல்லாருக்கும் திறந்தே இருக்கட்டும் என்றார் முதலாளி. அதையும் திறந்தாள். கடைசியாக, பதினோரு மிஷின்களுக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்க வேண்டும். எந்த மிஷின் வெளியே போனது என்று பெட்டி எழுதி வைப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

"நம்பரை நீங்களே ஒவ்வொரு மிஷின்லயும் கையால போட்டுடுங்க. ஆட்டோமேட்டிக்ல விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயராஜ் போனான்.

நாலு மிஷின்களில் போட்டாள். ஐந்தாவதில் ஏதோ தகராறு. மிஷின் பேச மறுத்தது. அன்றைக்குப் பார்த்து இரண்டு கப்பல். "எவ்ளோ நேரம் லா? ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க!" என்று முதலாளி கதவருகே நின்று கத்தினார். சிவமலர் போட்ட நாலையும் எடுத்துவிட்டு, எண்களைப் பெட்டியே கொடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றிவிட்டாள். எல்லா மிஷின்களும் உடனே வேலை செய்தன. அன்றைக்குத் திரையில் தெரிந்த எண்ணை ஒவ்வொரு மிஷினிலும் சீட்டில் எழுதி ஒட்டினாள். அவளுடையது 21. நாகையாவுடையது 27. சாவகாசமாக ஒரு நாள் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாள் வரவே இல்லை.

நாகையாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கிள்ளான் பக்கத்து மேருவில் பிறந்து மேருவிலேயே வீடு கட்டியவர். கஸ்டம்ஸ் ஃபாரங்களை இரண்டு விரலால் டைப் பண்ணுவார். எந்தச் சரக்குக்கு எந்த வரி எண் என்று புத்தகம் பார்க்காமல் சொல்வார். கம்ப்யூட்டரென்றால் பயம். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொள்வார். ஏதாவது மாட்டிக்கொண்டால், "தங்கச்சி, கொஞ்சம் வாங்க, இது முறைக்குது," என்று அவளைக் கூப்பிடுவார். மத்தியானத்தில் எல்லாரும் கடைக்குப் போவார்கள். அவர் மட்டும் இராஜம்மா கட்டிக் கொடுத்த சோற்றை மேசையிலேயே வைத்துச் சாப்பிடுவார்.

தீபாவளிக்கு ஆபீஸ் ஐந்து நாள் மூடியிருந்தது. திறந்த சில வாரங்களில் முதலாளிக்குச் செய்தி வந்தது. அவருடைய சரக்குக் கட்டணப் பட்டியல், வாடிக்கையாளர் பெயர்கள் உட்பட, போட்டிக் கம்பெனியின் மேசையில் கிடக்கிறது. உள்ளே இருக்கிற யாரோ அனுப்பியிருக்கிறார்கள். மூன்று பெரிய வாடிக்கையாளர்கள் அதற்குள் கைமாறிவிட்டார்கள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "அந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதி வைக்கும்னீங்களே. எடுங்க."

அவள் பெட்டியின் குறிப்புகளைத் திரையில் ஓடவிட்டாள். நவம்பரில் மூன்று நாள், மத்தியானம் ஒன்று பத்துக்கு, ஒரே மிஷின் இலவச மெயில் தளம் ஒன்றுக்குப் போய் அரை மணி நேரம் இருந்திருந்தது. எண் 27. கண்டுபிடித்தபோது அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. இத்தனை நாள் ரயிலில் படித்தது வீண்போகவில்லை என்று தோன்றியது. சீட்டைப் பார்க்க எழுந்தபோதுதான் அது யாருடைய மேசை என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் எண் எண்தானே என்று நினைத்துக்கொண்டாள். 27 இருந்த வரிகளை மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாகையாவைக் கூப்பிட்டார்கள். முதலாளி, அவருடைய மச்சான் கன்னையா, சிவமலர் மூவரும் அறையில் இருந்தார்கள். கன்னையா வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறவன். கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"இது உன் நம்பர்தானே?"

நாகையா தாளைப் பார்த்தார். "இருங்க பாஸ்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தன் மேசைக்குப் போய், குனிந்து சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஆமா பாஸ். என் நம்பர்தான். ஆனா நான் அனுப்பல. எனக்கு இ-மெயில் அட்ரசே கிடையாது. தங்கச்சிக்குத் தெரியும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் செய்யத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பெட்டி தப்பா எழுதாது, பாஸ்," என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குள் போக அவருக்குக் கொடுத்திருந்த பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருஷ வேலை. தன் சாமான்களை ஒரு மைலோ அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு போனார். அவள் மேசைக்கு வரவில்லை.

டிசம்பர் நடுவில் அவளுடைய மிஷினிலிருந்து பிரிண்டருக்குத் தாள் போகவில்லை. ஏன் என்று பார்க்க எண்ணை எடுத்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த சீட்டில் 21. திரையில் 26.

எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போனாள். "ஒரு நிமிஷம் எந்திரிங்க," என்று ஒவ்வொருவரையும் எழுப்பி, திரையையும் சீட்டையும் பார்த்தாள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நாகையாவின் மிஷின் இப்போது 24. 27 கன்னையாவின் மேசையில் இருந்தது.

ஜெயராஜுக்குப் போன் போட்டாள். "ஆட்டோமேட்டிக்ல விட்டா அப்படித்தாங்கா. ரெண்டு மூணு நாள் ஆஃப் பண்ணி வெச்சா பழைய நம்பர் போயிடும். திரும்பி வரப்போ யார் முதல்ல ஆன் பண்றாங்களோ, அவங்களுக்கு முதல் நம்பர்."

"நவம்பர்ல எது யார்கிட்ட இருந்துச்சுன்னு பார்க்க முடியுமா?"

"முடியாதுக்கா. அதுல டிஸ்க் இல்ல. இடம் நிரம்புனா பழசை அழிச்சிட்டு எழுதும். ஏன், ஏதாச்சும் பிரச்சனையா?"

அவள் போனை வைத்துவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனாள். சொன்னதையே மூன்று தடவை சொன்னாள். அவர் பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நாகையா அனுப்பலன்னு சொல்றீங்களா?"

"அவர்தான்னு சொல்ல முடியாது, பாஸ்."

"அவன் இல்லன்னு சொல்ல முடியுமா?"

"அதையும் சொல்ல முடியாது, பாஸ்."

"அப்புறம் என்ன லா? போனவன் போயிட்டான். போய் அந்த நம்பரை எல்லாம் ஒழுங்கு பண்ணுங்க. வெளிய யார்கிட்டயும் பேசாதீங்க. கம்பெனி பேரு கெடும்."

அன்று உட்கார்ந்து பதினோரு மிஷின்களிலும் கையால் எண் போட்டாள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஐந்தாவது மிஷின்கூடத் தகராறு செய்யவில்லை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மேருவுக்குப் பஸ் ஏறினாள். பலகை வீடுதான், முன்னால் மட்டும் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். இராஜம்மா உட்காரச் சொன்னாள், தேநீர் கொடுத்தாள். நாகையா மெலிந்திருந்தார். துறைமுகத்தில் நாலு கம்பெனிகளில் ஏறி இறங்கிவிட்டாராம். அவர் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. இப்போது கையுறை ஃபேக்டரியில் பெட்டி கட்டுகிற வேலை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் குனிஞ்சு பார்த்தது என் நம்பர் இல்லையா, மேடம்?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

"இல்லண்ணே."

"அதை ஒரு கடுதாசியில எழுதித் தரீங்களா? கம்பெனி தாள்ல, உங்க கையெழுத்தோட. அது இருந்தா வேற எடத்துல பேசிப் பார்ப்பேன்."

தருகிறேன் என்றாள். அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

அவளுடைய கணவன் யோகநாதன் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் இருந்தவர். வீட்டில் இருவரும் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அந்த வருஷம் செப்டம்பரில் ஆள் குறைத்தபோது அவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் கம்பெனித் தாளை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இஞ்சேரும்," என்றார் கடைசியில். "அதிலை கையெழுத்து வைச்சால் நாளைக்கு உம்மையும் வீட்டை அனுப்புவினம். நான் சும்மா இருக்கிறன். பிறகு நாங்கள் என்ன செய்யிறது?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் செய்தனான்."

"தெரியும். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. யோசியும் எண்டுதான் சொல்லுறன்."

அவள் யோசித்தாள். இரண்டு வாரம் யோசித்தாள். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில், கம்பெனி பெயர் போடாமல், கையெழுத்து வைக்காமல், அந்த ஃபயர்வாலில் எண்கள் எப்படி மாறும் என்பதை ஆங்கிலத்தில் சுத்தமாக டைப் செய்து எடுத்துக்கொண்டு போனாள்.

இராஜம்மாதான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனாலும் கேட்டாள்.

"உங்க பேரு எங்கம்மா இருக்கு இதுல?"

நாகையா மனைவியின் கையிலிருந்து தாளை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பரவால்ல. அவங்களும் வேலைக்குப் போகணும்ல," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தெரு நாய்கள் பொல்லாதவை என்று சொல்லி, பஸ் வரும்வரை அவளோடு கூட நின்றார்.

அடுத்த வருஷம் ஜூனில் மறுபடியும் கட்டணப் பட்டியல் வெளியே போனது. முதலாளி மறுபடியும் அவளைக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவள் அச்செடுப்பதற்கு முன் மிஷின் மிஷினாகப் போய் எண்ணைச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அதே மெயில் தளம். அதே மத்தியானம் ஒன்று பத்து. எண் 30. கன்னையாவின் மேசை.

முதலாளி தாளை நெடுநேரம் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. பிறகு அதை மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

"இது நம்மளோட இருக்கட்டும். வீட்டுல நான் பேசிக்கிறேன்."

"அப்ப நாகையா அண்ணே, பாஸ்?"

"அதான் முடிஞ்சு போச்சே." அவர் போனை எடுத்து ஏதோ எண்ணை அழுத்த ஆரம்பித்தார். அவள் நின்றாள். அவர் நிமிரவில்லை. வெளியே வந்தாள். அடுத்த மாதம் கன்னையா சொந்தமாகக் கம்பெனி திறந்தான். திறப்பு விழாவுக்கு முதலாளி மாலையோடு போனார்.

முதலாளியிடம் அந்தத் தாளைக் கொடுத்த வாரத்து ஞாயிறே அவள் மேருவுக்குப் போயிருந்தாள். இப்போது உறுதியாகச் சொல்லலாம். கம்பெனித் தாளிலேயே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். வேலை போனால் போகட்டும் என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டாள்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் தனலெட்சுமி என்ற அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா. காஜாங் பக்கம், மக வீட்டுக்கு. அவருக்கு ஒரு பக்கம் கை கால் வரல. பேச்சும் கொளறுது. அட்ரஸ் ஒண்ணும் குடுக்கல. நீங்க யாரு?"

"ஆபீஸ்ல கூட வேலை செஞ்சேன். ஒரு நம்பர் விஷயமா வந்தேன். அந்த நம்பர் அவரோடது இல்லைன்னு அவர்கிட்டச் சொல்லணும்."

தனலெட்சுமி ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

"நாலு நம்பர் லாட்டரியா? அவரு நம்பர்லாம் எடுக்க மாட்டாரே."

சிவமலர் விளக்க ஆரம்பித்தாள். பெட்டி, பதினோரு மிஷின், தீபாவளி லீவு, சீட்டு. அந்த அம்மாள் பாவமென்று தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கைப்பையைத் திறந்து மூடினாள். பிறகு வரேங்க்கா என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

காஜாங்கில் இரண்டு ஞாயிறுகள் தேடினாள். மகளின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. மூன்றாவது ஞாயிறு போகவில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆபீசில் இருந்தாள். கடிதம் கைப்பையிலேயே இருந்தது. மாதக் கடைசி என்பதால் பெட்டியின் குறிப்புகளை அச்செடுத்து முதலாளி மேசையில் வைத்தாள்.