பச்சைக்கும் நீலத்துக்கும் முட்டை பொரித்தவன்

பப்பில் வேலை என்றதும் எல்லாரும் இரவு வேலை என்றுதான் நினைப்பார்கள்; ஸ்கொட்லாந்து உதைபந்தாட்ட லீக் காட்டும் பப்பில் நின்று பாருங்கள், பால்காரனுக்கு முன்னம் எழும்ப வேண்டும். அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் மொன்றியலில் காலை பத்துக்கு வரும். மதியம் பன்னிரண்டரைக்கு வைத்தார்களோ, இங்கே ஏழரை. அதுவும் ஜனவரி மாதத்து ஏழரை. நான் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் முதல் மெட்ரோ பிடித்து, டவுன்டவுனில் கதவைத் திறந்து, சோசேஜை அடுப்பில் போட்டு, படம் வராத சற்றலைட் பெட்டியோடு மல்லுக்கட்டி முடிக்க, வாசலில் பத்துப் பேர் நடுங்கிக்கொண்டு நின்று என்னைத் திட்டுவார்கள். சனங்களுக்குச் சேவை செய்து வயிறு வளர்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

என் மதம் மாறிய நாள்

முதலாளி மிஸ்டர் கிரெய்க் கிளாஸ்கோக்காரர். வேலைக்கு எடுக்கும்போது முட்டை பொரிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. "நீ எந்தச் சேர்ச்?" என்று கேட்டார். பெயர் அன்ரனி, ஊர் மன்னார், கத்தோலிக்கன் என்றேன். தலையில் கை வைத்தார்.

பிறகுதான் விளக்கினார். கிளாஸ்கோவில் இரண்டு பெரிய கழகங்கள். ஒன்று பச்சைச் சட்டை, மற்றது நீலம். நூறு வருசத்துக்கு மேலாக லீக் கிண்ணத்தை இந்த இரண்டும்தான் பெரும்பாலும் மாறி மாறித் தூக்குகின்றன. பச்சைக்குக் கத்தோலிக்கர், நீலத்துக்குப் புரட்டஸ்தாந்தர் என்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம். எங்கள் பப்பில் முன் அறை பச்சைக்கு, பின் அறை நீலத்துக்கு. இரண்டுக்கும் தட்டுக் கொண்டுபோகிறவன் ஒரு பக்கத்தான் என்று தெரிந்தால் மற்றப் பக்கத்துக்குச் சாப்பாடு இறங்காதாம். கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். சிலோனில் இருந்து வந்த தமிழனுக்கு அவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள்.

"யாராவது கேட்டால் நீ புத்தன் என்று சொல்லிவிடு, டோனி."

நெற்றியில் சாம்பல்

இரண்டு வருசம் நான் மிஸ்டர் கிரெய்க்கின் புத்தனாக இருந்தேன். ஒரு விபூதிப் புதன் அன்று பிற்பகலில் ஆட்டம். காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நேரே வேலைக்கு வந்துவிட்டேன். பின் அறையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர், ஸ்டூவர்ட் என்று பெயர், பியரைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியையே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் குசினியில் வேலை செய்யும் கணேசன் அண்ணை பொரியல் தட்டோடு வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துச் சைவர். நெற்றி நிறையத் திருநீறு. ஸ்டூவர்ட் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். கடைசியில் உண்மையான கவலையோடு கேட்டார்:

"உள்ளே அடுப்பு ஏதும் வெடித்ததா? ஒருவனுக்குக் கறுப்பாக அடித்திருக்கிறது, மற்றவனுக்கு வெள்ளையாக."

ஆறும் ஏழும்

கிழமைக்கு ஒருதரம் லீக் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவதும் என் தலையில்தான். பன்னிரண்டு அணிகள். முப்பத்து மூன்று ஆட்டம் முடிந்ததும் லீக்கை இரண்டாகப் பிளப்பார்கள். மேல் ஆறு தங்களுக்குள், கீழ் ஆறு தங்களுக்குள், இன்னும் ஐந்து ஆட்டம். இதில் ஏழாம் இடத்தான் ஆறாம் இடத்தானைவிடக் கூடப் புள்ளி எடுத்தாலும் ஏழாம் இடத்தான்தான். மேலே ஏற முடியாது.

ஒரு மே மாதம் சரியாக அப்படியே நடந்தது. ஏழாம் இடத்துக் கழகத்தின் ஆள் ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "எங்களுக்குத்தான் புள்ளி கூட, எங்களை ஆறில் எழுது" என்றார். சட்டம் என்றேன். கணக்குத் தெரியாதவனை ஏன் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று மிஸ்டர் கிரெய்க்கிடம் முறைப்பாடு வைத்தார். அவரோ, வாடிக்கையாளரோடு வாயாடாதே என்று எனக்குத்தான் ஏசினார். அந்தச் சட்டத்தை நான் எழுதியது போல.

குசினிக்குள் போய்க் கணேசன் அண்ணையிடம் கொட்டித் தீர்த்தேன். அவருடைய அகதி விண்ணப்பம் நாலு வருசமாக இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் பேப்பர் எடுத்து வீடும் வாங்கிவிட்டார்கள். வெங்காயம் வெட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அன்ரனி, இது லீக் இல்லையடா. இமிகிறேசன்."

கடைசி இரண்டு நிமிடம்

ஒரு வருசம் சீசனின் கடைசி நாள் வரை கிண்ணம் யாருக்கு என்று முடிவாகவில்லை. பச்சைக்கு ஓர் ஊரில் ஆட்டம், நீலத்துக்கு வேறு ஊரில். இரண்டும் ஒரே நேரம். பச்சை வென்றால் கிண்ணம் பச்சைக்கு, மற்றது என்ன செய்தாலும் சரி. எண்பத்தெட்டாவது நிமிடம் வரை பச்சை ஒரு கோல் முன்னால். கிண்ணத்தை ஏற்றிய ஹெலிகொப்டர் அந்தப் பக்கம்தான் பறக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். முன் அறையில் பாட்டுத் தொடங்கிவிட்டது.

பிறகு பச்சைக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. மூச்சு விட முன்னம் இன்னொன்று. மற்ற ஊரில் நீலம் முன்னால் நின்றதால் ஹெலிகொப்டர் நடு வானத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. முன் அறையில் கரண்டி விழுந்தாலும் கேட்கும். பின் அறையில் சத்தத்தில் கூரை பறந்தது. பின் அறையில் இருந்து ஏழெட்டுப் பேர் முன் அறைக்குப் போய்ப் பாடுவதற்கு எழும்பினார்கள். நடுவில் உள்ள ஒடுங்கிய வழியில் நான், இரண்டு கையிலும் தட்டுகள். இரண்டு கொடிக்கு நடுவில் அகப்படுவது எனக்குப் புதிதில்லை, ஆனால் பொரித்த முட்டையோடு அகப்பட்டது அதுதான் முதல் தடவை. "தட்டு சூடு, யாரும் வரக்கூடாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அசையாமல் நின்றேன். ஸ்டூவர்ட்தான் முதலில் திரும்பிப் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

பஸ் சாரதி ஃபிராங்க், அவருக்கு ஐம்பது வயதிருக்கும், முன் அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தார். அவர் ஓர்டர் பண்ணிய தட்டை முன்னால் வைத்தேன். தொடவில்லை.

"இதைப் பின்னால் கொண்டுபோ, டோனி. அங்கேதான் இன்றைக்குப் பசி இருக்கும்."

பத்தில் பத்து

எல்லாரையும்விட என் உயிரை எடுத்தவர் மிஸ்டர் மக்கினன். ரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய கழகம் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றினுடையது, நாலு பிரிவில் கடைசிப் பிரிவு. எந்தத் தொலைக்காட்சியும் அதைக் காட்டாது. இன்டர்நெட்டில் வருவதை அவர் நம்பமாட்டார். இடைவேளைக்கு இருபது பேர் தேத்தண்ணிக்குக் கத்தும்போது, அந்த மைதானத்துக்கு டெலிபோன் எடு என்பார். எடுத்தால் மறுமுனையில் செயலாளர் அம்மா, "மொன்றியலா? தோற்றுக்கொண்டிருக்கிறோம்" என்பார். மிஸ்டர் மக்கினன் அதைக் கொப்பியில் எழுதுவார். சீசனுக்கு ஒரு பக்கம். ஒரே ஒருமுறைதான் அந்தக் கழகம் மேல் பிரிவுக்கு ஏறியது. அது நடந்தபோது அவர் கனடாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். இதை எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார்.

ஒரு வசந்தத்தில் அவர் வரவில்லை. கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரியில் இருப்பதாக மகள் சொன்னார். சீசனின் கடைசிச் சனிக்கிழமை யாரும் கேட்காமலே மைதானத்துக்கு டெலிபோன் எடுத்தேன். அடுத்த நாள் பூசை முடிந்து பஸ்ஸில் போனேன். ஆளைக் கண்டதும் ஒரு வெற்றியாவது பொய்யாகச் சொல்லலாமா என்று இருந்தது. அவர் கொப்பியை என் பக்கம் தள்ளி, எழுது என்றார். கை நடுங்குவதால் அவரால் பேனையைப் பிடிக்க முடியவில்லை. பொய்யை எழுத எனக்கு மனம் வரவில்லை. பத்து அணியில் பத்தாவது என்று எழுதி, வாசித்தும் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தப் பிரிவுக்குக் கீழே அப்போது வேறு பிரிவு இருக்கவில்லை.

"நல்லது. எங்களை இதற்குக் கீழே தள்ள இடமில்லை. அடுத்த வருசமும் ஆடுவோம்."

எட்டு சீசன் அந்தப் பப்பில் நின்றிருக்கிறேன், ஒரு ஆட்டத்தையாவது தொடக்கத்தில் இருந்து முடிவுவரை பார்த்தாயா என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.